மாந்தையும் மரந்தையும்: தகவல் முகாமையிற் செயற்கை நுண்ணறிவு பற்றிய ஒரு நோக்கு

தமிழ் நெடுங்கணக்கிலே ஆகார உயிர்மெய்யைக் காட்டுதற்கு எழுத்தின் வலப்புறத்தே இடும் குறியினைக் கால் என வழங்குகின்றோம். பழைய ஏட்டுச் சுவடிகளிலே இக்காலுக்கும் ரகர எழுத்துக்கும் வடிவ வேறுபாடு கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கமும் அவற்றில் அரிது. ஆதலின் ஏட்டைக் கையில் எடுப்பவன் கண்ணால் மட்டும் படித்துவிடல் இயலாது. கருத்தாலும் படித்தல் வேண்டும். சங்கச் செய்யுள்கள் சிலவற்றிலே வரும் கடற்கரைப் பட்டினம் ஒன்றின் பெயர் ஓரிடத்து மாந்தை எனவும் பிறிதோரிடத்து மரந்தை எனவும் அச்சேறியிருப்பதற்கு இதுவே காரணமெனக் கொள்ளலாம். மகரத்தை அடுத்து நிற்கும் அந்த ஒரு கோடு காலா ரகரமா என்பதை ஏடு சொல்வதில்லை. யாப்பின் துணையை நாடினாலும் பயனில்லை. மாந்தை தேமா, மரந்தை புளிமா. அகவற்பாவுக்கு இரண்டும் உரிய இயற்சீர்களே.

இப்பழைய செய்தியை ஈண்டு எடுத்துப் பேசுவதற்குப் புதிய நிகழ்ச்சி ஒன்று காரணமாயிற்று. யான் மன்னார்த் தீவிலுள்ள ஒரு பாடசாலையிலே கற்பிப்பவன். பாடசாலை நூலகமும் என் பொறுப்பில் இருக்கின்றது. சென்ற ஆண்டு உயர்தர வகுப்பு மாணவர் சிலர் எங்கள் பிரதேசம் பற்றிய பழைய மலர்க் கட்டுரைகளைக் கைத்தொலைபேசியாற் படம்பிடித்து, செயற்கை நுண்ணறிவுப் பொறியொன்றின் உதவியால் அவற்றை எழுத்துகளாக மாற்றி, பொருள்வாரியான பட்டியலும் ஆக்கித் தந்தனர். ஏறத்தாழ இருநூறு பக்கங்கள். அவர்களுக்குச் சென்றது ஒரு மாலைப்பொழுது மட்டுமே. அதே வேலையை அட்டைகளில் எழுதிச் செய்வதாயின் எனக்கு ஒரு தவணை விடுமுறை முழுவதும் போதாது. மகிழ்ச்சியோடு பட்டியலைப் புரட்டினேன். மன்னார் என்னும் தலைப்பின்கீழ் நான்கைந்து கட்டுரைகளே இருந்தன. ஏனையவற்றைத் தேடியபோது முத்துக்குளிப்பும் பெருக்கமரமும் தலைமன்னார்த் துறையும் மன்னர் என்னும் தலைப்பின்கீழ், பண்டை அரசர்களோடு, அமைதியாக வீற்றிருக்கக் கண்டேன். மாணவர்கள் சிரித்தார்கள். யானும் சிரித்தேன்; ஆயினும் அன்றிரவு அது வெறும் வேடிக்கையாகத் தோன்றவில்லை.

பிழையின் வேரை ஆராய்ந்தபோது மேலே கூறிய கால் மீண்டும் எதிர்ப்பட்டது. தமிழ்நாட்டரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை மேற்கொள்ளுமுன் ணா, றா, னா முதலிய 13 எழுத்துகள் இன்று நாம் காணும் வடிவில் அச்சிடப்படவில்லை. னா என்பது காலைப் பிரித்து நிறுத்தாது ஒரே சுழிப்பாக அமைந்த தனி வடிவம். இலங்கை அச்சகங்களிலே அவ்வடிவங்கள் அதன் பின்னரும் சில காலம் நின்றன. எனவே நம் ஊரின் பெயரே அப்பதின்மூன்றில் ஒன்றைத் தன் நடுவிற் கொண்டிருந்தது. புதிய வடிவத்திற் பழகிய பொறி அச்சுழிப்பை வெறும் னகரமாகக் கண்டால் மன்னார் மன்னர் ஆகிவிடும். ஏட்டுக்காலத்துக் கையெழுத்தாளன் இடறிய அதே கல்லிலே இற்றை நாளின் பொறியும் இடறியிருக்கின்றது. இவ்வொற்றுமையே இக்கட்டுரைக்கு அடிப்படை.

தகவல் முகாமையாளர் என்னும் தொடர் புதியது, தொழில் பழையது. ஏடு காத்தோரும், கச்சேரியிலே கோவைகளுக்கு இலக்கமிட்டு அடுக்கும் எழுதுநரும், நூலகரும், சொல்லடைவு ஆக்குவோரும், சுவடிக்கூடத்தாரும் இத்தொழிலின் வெவ்வேறு கிளையினர். வேண்டுவோர்க்கு வேண்டிய செய்தி வேண்டிய பொழுதிற் கிடைக்குமாறு செய்தல் இவர்கள் பணி. சீர்காழியிற் பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, 1924இலே சென்னைப் பல்கலைக்கழக நூலகராகிய சீ. இரா. அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் ஒன்று வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தல் பற்றியது. யான் வெளிவாரியாகப் பட்டம் பெற்றவன். விரிவுரை மண்டபத்தைக் காணாத அத்தகைய மாணவனுக்கு ஒரு நல்ல நூற்பட்டியலே விரிவுரையாளரும் வழிகாட்டியும் ஆகும். அவ்விதியின் அருமையை அவன் அறிந்த அளவு பிறர் அறியார்.

2022 நவம்பரிலே சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்த நாள் தொட்டு இத்தொழில் பற்றி இரு கூற்றுகள் கேட்கப்படுகின்றன. பொறியே இனி வகைப்படுத்தும், சுருக்கும், தேடித்தரும். ஆதலால் நூலகருக்கு வேலையில்லை என்பது ஒன்று. பொறி பிழை செய்கின்றது. ஆதலால் அதனைத் தீண்டலாகாது என்பது மற்றொன்று. இரண்டும் ஏற்கத் தக்கனவல்ல. பொறி இத்தொழிலை ஒழிக்கவுமில்லை, முன்போல இருக்க விடவுமில்லை. பட்டியலாக்குவோன் வேலையை அது பதிப்பாசிரியன் வேலையாக மாற்றிவிட்டது என்பதே எனது கருத்து. முன்பு அவன் இல்லாத பட்டியலை ஆக்கினான். இன்று ஆக்கப்பட்டுவிட்ட பட்டியலை மூலத்தோடு ஒப்புநோக்கி, பாடபேதம் கண்டு, கொள்வன கொண்டு, தன் பெயரால் அதற்கு உறுதி கூறவேண்டியவனாகின்றான். இது முன்னையதினும் எளிய வேலை அன்று.

பொறியால் விளைந்த நன்மையை முதலிலே மனமாரக் கூறிவிடல் வேண்டும். மன்னார் 1658 முதல் 1795 வரை ஒல்லாந்தர் ஆட்சியில் இருந்தது. அக்காலத்து முத்துச் சலாபம், சங்கு குளிப்பு, சாயவேர், யானை ஏற்றுமதி, வரி முதலியன பற்றிய செய்திகள் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் கடிதங்களிலே புதைந்து கிடக்கின்றன. அவை பழைய ஒல்லாந்த மொழியில், பயிலாதவர் படிக்கவியலாத கையெழுத்தில் உள்ளவை. ஓர் ஆய்வாளர் ஆயுள் முழுதும் படித்தாலும் சில ஆயிரம் பக்கங்களைக் கடக்கலாம். நெதர்லாந்துத் தேசியச் சுவடிக்கூடத்திலுள்ள அக்கடிதங்களில் ஏறத்தாழ 50 இலட்சம் பக்கங்களைக் கையெழுத்துணரும் பொறியாற் படிப்பித்து, ஊர்ப்பெயராலும் ஆட்பெயராலும் தேடத்தக்கதாக்கும் முயற்சி குளோபலைஸ் என்னும் பெயரால் 2022இலே தொடங்கப்பெற்றது. இதனை மனிதக் கைகளால் மட்டும் செய்திருக்க முடியாது. பேசாலையில் இருக்கும் ஒரு மாணவி தன் ஊர் பற்றிய 18ஆம் நூற்றாண்டுக் கடிதமொன்றை வீட்டிலிருந்தே காணும் வாய்ப்பைப் பொறி உண்டாக்கியிருக்கின்றது என்றால், அதனை இகழ்வது நன்றியின்மையாகும்.

தேடும் முறையிலும் மாற்றம் நிகழ்ந்திருக்கின்றது. முன்னைய தேடுபொறி எழுத்தோடு எழுத்தைப் பொருத்திப் பார்த்தது. மன்னார் என்று கேட்டால் மன்னார் என்ற சொல் உள்ள பக்கத்தை மட்டுமே தந்தது. சம்பந்தரும் சுந்தரரும் திருக்கேதீச்சரத்தின்மீது பாடிய பதிகங்களிலே மாதோட்டமும் பாலாவியும் கேதீச்சரமும் உண்டு. மன்னார் என்ற பெயர் இல்லை. ஆகவே மன்னார் மாவட்டத்துப் பாடல்பெற்ற தலம் எது என்று அப்பொறியிடம் வினவும் மாணவனுக்கு அப்பதிகங்கள் அகப்படா. புதிய பொறி சொற்களுக்கிடையிலான பொருளுறவை அளந்து தேடுகின்றது. மாதோட்டமும் மன்னாரும் ஒரே நிலப்பகுதி சார்ந்தவை என்பதை அது உணர்ந்ததுபோல நடந்துகொள்கின்றது. பட்டியலாக்குவோர் காலங்காலமாக ‘காண்க’ என்று குறித்து வைத்த வழிகாட்டு அட்டைகளின் வேலையிற் பெரும்பகுதியை அது ஏற்றுக்கொண்டது எனலாம்.

எனினும் இவ்வாற்றலே இடரின் பிறப்பிடமுமாகின்றது. சுவடிப் பதிப்பிலே பயின்றோர் அறிந்த ஓர் உண்மை உண்டு. கல்லாத கையெழுத்தாளன் கண்டதைக் கண்டவாறே எழுதுவான். அவன் பிழை பிழையாகவே தோன்றும், அதைத் திருத்திவிடலாம். கற்ற கையெழுத்தாளனோ தனக்கு விளங்காத சொல்லைக் கண்டால் விளங்கும் சொல்லாக்கி எழுதுவான். அவன் பிழை செம்மையான பாடம்போலத் தோன்றும். பதிப்பாசிரியர் அஞ்சுவது இவனுக்கே. பழைய எழுத்துணரிப் பொறி முதல் வகையினது. அது பிழைத்தால் வாய்க்குள் நுழையாத எழுத்துக்கூட்டம் வரும். ஒரு சிறுவனும் கண்டு சொல்லிவிடுவான். புதிய பொறி இரண்டாம் வகையினது. மங்கிய எழுத்தைத் தன் மொழிப் பயிற்சியால் ஊகித்து நிரப்புகின்றது. மன்னர் என்பது நல்ல தமிழ்ச்சொல், வாக்கியமும் முறியவில்லை, ஆகவே பார்ப்பவர் கண்ணில் அது படுவதில்லை.

இதற்கு எங்கள் மண்ணிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றேன். மன்னார்க் கத்தோலிக்க மக்களிடையே வழங்கிய நாடகங்களுள் ஒன்றான எண்டிறீக்கு எம்பரதோர் நாடகத்தை சு. வித்தியானந்தன் 1964இலே பதிப்பித்தார். எம்பரதோர் என்பது பேரரசனைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் தமிழ்வடிவம். எண்டிறீக்கு என்பது அம்மொழியின் ஆட்பெயர் ஒன்றன் திரிபு. 1578இலே கொல்லத்தில் அச்சிடப்பட்ட தம்பிரான் வணக்கத்தை ஆக்கிய பாதிரியாரின் பெயர் அந்நூலில் அண்டிறிக்கி என்று காணப்படுகின்றது. இரண்டும் ஒரே பெயரின் வழிவந்தவை. அயல்மொழியில் னகர ஒலியை அடுத்து நின்ற ரகர ஒலியைத் தமிழ் நா வாங்கியபோது இடையிலே டகரம் தோன்றியது என்பதற்கு இவ்விரு வடிவங்களும் சான்று. முத்துக்குளிப்புக் கரையிலே பதினாறாம் நூற்றாண்டில் மக்கள் எப்படி ஒலித்தனர் என்பதை அறிவதற்கு நம்மிடம் எஞ்சியுள்ளவை இத்தகைய சொற்களே.

அந்நாடகத்தின் பக்கமொன்றை மாணவரின் பொறிக்குக் கொடுத்துப் பார்த்தேன். ஓரிடத்து ஹென்றி எனவும் மற்றோரிடத்து என்றிக் எனவும் அது திருத்தி எழுதியது. எம்பரதோரைப் பேரரசர் என மொழிபெயர்த்தே விட்டது. அழகிய தமிழ்தான். ஆயினும் பெயரில் உறைந்திருந்த நானூறு ஆண்டு ஒலிவரலாறு ஒரு நொடியிலே துடைக்கப்பட்டது. துடைத்தேன் என்று பொறி சொல்லவுமில்லை. இனி ஒருவர் எண்டிறீக்கு என்று தேடினால் அப்பக்கம் கிடைக்குமா? உரிய பொருளுறவைப் பொறி அறிந்திருந்தாற் கிடைக்கலாம். ஆயின் அச்சொல் எவ்வாறு எழுதப்பட்டிருந்தது என்பதை அறிய விரும்புவோனுக்கு அப்பக்கம் இறந்ததே ஆகும். எழுத்தாக்கத்தோடு மூலப்படமும் பிரியாது இருத்தல் வேண்டும் என்று நூலகவியலார் வற்புறுத்துவது இதனாலேயே. பணச்செலவு கருதிப் படங்களைக் களைந்து எழுத்தை மட்டும் சேமிக்கலாம் என ஆலோசனை கூறுவோரையும் கேட்டிருக்கின்றேன். அது ஏட்டைப் பெயர்த்தெழுதியபின் ஏட்டை ஆற்றில் விட்ட வழக்கத்தின் மறுபிறப்பே.

இனி மாந்தைக்கு வருவோம். வகுப்பிலே ஒரு மாணவன், எம் ஊர் மாந்தை சங்க இலக்கியத்திலே புகழப்பட்டது என்று பெருமிதத்தோடு கட்டுரை எழுதி வந்தான். பொறி அவனுக்குச் செய்யுள்களின் எண்ணும் புலவர் பெயரும் எடுத்துக் கொடுத்திருந்தது. அவற்றிற் சில சரியானவையே. ஆயின் அச்செய்யுள்கள் அப்பட்டினத்தைக் குட்டுவனோடும் சேரலாதனோடும் இணைத்துப் பேசுகின்றன. அது சேரரின் மேலைக்கடற் பட்டினம் என்பதே பொருந்தும். எங்கள் மாந்தை பாலாவிக் கரையது. இரண்டும் பெயரால் ஒன்று, இடத்தால் வேறு. மண்பற்றினால் இரண்டையும் ஒன்றாக்க விரும்பும் எழுத்துகள் முன்னரும் எழுந்ததுண்டு; யானும் மன்னார் மண்ணிலே பிறந்தவனாதலின் அந்த ஆசை எனக்கும் இல்லாமலில்லை. ஆசை வேறு, சான்று வேறு. பொறி சான்றை எடைபோடவில்லை. மாந்தை பற்றி எழுதப்பட்டவை யாவற்றையும் ஒரே குவையாக்கிப் பெரும்பான்மை பேசியதைப் பேசியது. கேட்டவன் விரும்பிய திசையிலே சற்றுச் சாய்ந்தும் பேசியது.

பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு, பொருள் ஒன்றாயினும் பெயர் வேறு என்னும் இவ்விரு நிலைகளையும் பிரித்துக் காட்டல் தகவல் முகாமையின் உயிர்நிலை. இன்றைய நிருவாகத்திலேயே மாந்தை மேற்குப் பிரதேச செயலகம் மன்னார் மாவட்டத்திலும் மாந்தை கிழக்கு முல்லைத்தீவு மாவட்டத்திலும் உள்ளன. ஆங்கில நூல்களிலோ எங்கள் தீவின் பெயரே ஒரு நிலையில் நில்லாது. 1888இலே வில்லியம் போக் எழுதிய நூலிலே அப்பெயர் இரட்டை னகரத்தோடு நிற்க, 1903 முதல் 1906 வரை ஹேர்ட்மன் வெளியிட்ட முத்துச்சிப்பி அறிக்கையின் ஐந்து தொகுதிகளிலும் அது ஒற்றை னகரமும் நீண்ட ஆகாரமுமாக நிற்கின்றது. மாந்தையில் ஜோன் கார்சுவெல் 1980களின் தொடக்கத்திலே நடத்திய அகழாய்வு 1984இல் நாட்டு நிலைமையால் நின்றுபோயிற்று. அதன் அறிக்கை நூலாக வெளிவந்தது 2013இலேயே. ஏறக்குறைய முப்பதாண்டு இடைவெளியைக் கடந்து அந்நூல் உருவாகியதென்றால், எந்தக் குழியில் எந்த அடுக்கில் எந்த ஓடு கிடைத்தது என்ற குறிப்புகள் ஆங்காங்கே காக்கப்பட்டமையே காரணம். குழியின் எண்ணை இழந்த ஓடு வெறும் ஓடு. பொறிக்கு ஊட்டப்படும் செய்தியும் அத்தன்மையதே. எங்கிருந்து வந்தது என்பதை இழந்தபின் அது எத்துணைத் தெளிவாய் மொழியப்பட்டாலும் சான்றாக நில்லாது.

பிழை செய்தல் பொறிக்கு மட்டும் உரியதா என்று கேட்கலாம். அன்று. ஈழத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இலே தொல்காப்பியப் பொருளதிகாரத்தை அச்சேற்றியபோது உரை முழுவதும் நச்சினார்க்கினியருடையது என்றே கொண்டார். மெய்ப்பாட்டியல் முதலாகிய இறுதி நான்கு இயல்களுக்கு அவர் பதிப்பித்த உரை பேராசிரியருடையது என்பதைப் பின்னர் இரா. இராகவையங்கார் போன்றோர் காட்டினர். தமிழ்ப் பதிப்பு வரலாற்றிலே தலைசிறந்த ஒருவரின் தவறு இது. ஆயின் அத்தவறு எவ்வாறு திருத்தப்படக் கூடியதாயிற்று? அவர் தம் பெயரைப் போட்டு வெளியிட்டார். ஏடுகளைத் தேடிப் பெற்ற வரலாற்றைப் பதிப்புரையிற் கூறினார். உரையைத் தம் விருப்பப்படி மாற்றாது கிடைத்தவாறே கொடுத்தார். ஆகவே வேறொருவர் அதே உரையைக் கையிலெடுத்து, இவ்வுரைநடை நச்சினார்க்கினியருடையதன்று என்று வாதாட இடமிருந்தது. பொறியின் கூற்றுக்குப் பதிப்புரை இல்லை. இன்று ஒரு விடையும் நாளை வேறொரு விடையும் தரினும், இரண்டையும் ஒப்பிடுவதற்கு ஏடு இல்லை. தவறிய உரை என்று சுட்டுவதற்கு உரையாசிரியரும் இல்லை.

2023இலே நியூயோர்க்கில் ஒரு வழக்கில், உரையாடு பொறி கற்பித்துக் கொடுத்த இல்லாத தீர்ப்புகளை மேற்கோளாகச் சமர்ப்பித்த சட்டத்தரணிகளுக்கு நீதிமன்றம் 5,000 டொலர் தண்டம் விதித்தது. தண்டம் பொறிக்கு விதிக்கப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அவ்வாறே இல்லாத நூலின் பெயரை எழுதிக்கொண்டு வந்து நூலகரை நச்சரிக்கும் வாசகரும் இப்பொழுது பெருகியுள்ளனர். எங்கள் சிறு நூலகத்திலேயே இருவர் வந்தனர். அந்நூல் இல்லை என்றால், நூலகத்திலே இல்லை என்றே அவர்கள் பொருள்கொள்கின்றனர். உலகத்திலேயே இல்லை என்று நம்பவைப்பதற்கு அரை மணி செல்கின்றது. ஒரு நூல் இல்லை என்பதை உறுதிசெய்வது இருக்கின்றது என்பதைக் காட்டுவதினும் கடினமான வேலை என்பதை இப்பொழுதே யான் கற்றேன். வாசகரின் நேரத்தைப் பொறி மிச்சப்படுத்தியபோது நூலகரின் நேரம் எங்கே போகின்றது என்பதை அரங்கநாதனார் இன்று இருந்தால் ஆராய்ந்திருப்பார்.

இவை யாவும் புலவர்க்கும் ஆய்வாளர்க்கும் உரிய கவலை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. எங்கள் கரையோரத்திலே குரூஸ் என்னும் குடும்பப் பெயர் பெருவழக்கு. குரூஸ், குருஸ், குறூஸ் என மூவகையாகவும் பதிவுகளில் அது காணப்படும். பிறப்புச் சான்றிதழில் ஒரு வகை, பாடசாலை இடாப்பில் ஒரு வகை, அடையாள அட்டையில் ஆங்கில வழி வந்த இன்னொரு வகை. 1990 தொடக்கம் இடம்பெயர்ந்து, மடுவிலும் புத்தளத்திலும் இந்திய முகாம்களிலும் வாழ்ந்து மீண்ட குடும்பங்களின் கையில் எஞ்சிய கடதாசிகள் சில. அவற்றிலுள்ள ஒரு ரகர றகர வேறுபாட்டுக்காகச் சத்தியக்கடதாசி முடித்து, பேருந்தேறி, மூன்று அலுவலகங்களிற் காத்துநின்ற பெற்றோரை நூலகத்துக்கு வெளியே, ஆசிரியன் என்ற முறையிலே அறிவேன். இப்பதிவுகள் இனிமேற் பொறியாற் படிக்கப்படும். குறூஸ் என்பது பிழையென எண்ணிக் குரூஸ் எனப் பொறி செம்மைப்படுத்தினால் இலக்கணம் நன்றாயிருக்கும். உரியவனோ தன் தந்தையின் மகன் என்பதை நிறுவ மீண்டும் பேருந்து ஏறவேண்டும். மறுதலையாக, மூன்று வடிவங்களும் ஒருவரையே சுட்டக்கூடும் என்று பொறி எழுதுநருக்கு எடுத்துக்காட்டி, முடிவை அவரிடமே விட்டால், அதே பொறி பெரும் உபகாரி ஆகும். வேறுபாடு பொறியில் இல்லை. முடிவு எவர் கையில் என்பதிலேயே இருக்கின்றது.

பொறி தமிழை எங்ஙனம் காண்கின்றது என்பதையும் சிறிது நோக்கலாம். மன்னார் என்பது நமக்கு நான்கெழுத்து. கணினியிலே அது ஏழு குறியீடு. புள்ளிக்கு ஒன்று, காலுக்கு ஒன்று எனத் தனித்தனி. இது ஒருங்குறி வந்தபின் உள்ள நிலை. அதற்கு முன் நம்மவர் பாமினி எழுத்துருவிலே தட்டச்சுச் செய்து குவித்த கட்டுரைகளும் மலர்களும் கணினியின் உள்ளத்திலே தமிழே அல்ல. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த ஒரு கோலம். தொல்காப்பியர் மெய்க்குப் புள்ளி என்றார். பாமினி அதற்கு அரைப்புள்ளியை இட்டது. இத்தகைய கோப்புகளை மாற்றியமைக்காது பொறிக்கு ஊட்டினால் அது அவற்றைத் தமிழென்றே அறியாது. ஈழத்து எழுத்துகள் பொறிகளின் அறிவிலே மெலிந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம்.

மெலிவுக்கு வேறு காரணமும் உண்டு. அதனைச் சொல்ல மனம் கூசும். 1981 மே மாத இறுதி நாளும் அடுத்த நாளுமாக யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. பிரதியில்லாது போனவற்றை எந்தப் பொறியும் ஊகித்து நிரப்பல் ஆகாது. நிரப்பினால் அது பொய். 2005இலே தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத் திட்டம் எஞ்சியவற்றைத் தேடித்தேடி மின்வருடிச் சேர்த்து வருகின்றது. 1998இலே தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் கைகளாலேயே தட்டச்சுச் செய்து மெய்ப்புப் பார்த்து வெளியிட்டது. நூலகம் தளத்திலே பழைய இதழொன்றைத் திறப்போர், அதன் உள்ளடக்கம் முழுவதும் கட்டுரைத் தலைப்பு வாரியாகப் பெயர்த்து எழுதப்பட்டிருத்தலைக் காண்பர். எவரோ ஒருவர் இருந்து ஒவ்வொன்றாக எழுதினார். கல்லூரி மலர்களும் அவ்வாறே அங்கு சேர்ந்துள்ளன. இப்பொழுது பொறி ஈழத்து இலக்கியம் பற்றி நான்கு வாக்கியம் சரியாகச் சொல்லுமானால், அவ்வறிவின் ஒரு பகுதி பெயர் தெரியாத அத்தகைய தட்டச்சாளரின் விழித்த இரவுகளிலிருந்து வந்ததாதல் கூடும். அவர்கள் பெயரைப் பொறி சொல்வதில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கின்றேன்.

நிறுவனங்கள் இதனை எவ்வாறு நோக்குகின்றன? பொறி வந்துவிட்டது, ஆகவே பட்டியலாக்கும் ஆள் வேண்டாம் என்று பதவியை நிரப்பாது விடுதல் எளிய வழி. அது கணக்கிலே இலாபமாகத் தெரியும். உண்மையிலோ வேலை குறையவில்லை. பெயரும் தரமும் மாறியிருக்கின்றன. பழைய னாவடிவத்தை அறிந்தவர், அண்டிறிக்கியையும் எண்டிறீக்கையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தெரிந்தவர், சேரர் மாந்தையையும் பாலாவிக் கரை மாந்தையையும் பிரிக்கத் துணிந்தவர் வேண்டும். பொறியின் ஆயிரம் பதிவுகளுள் எந்த ஐம்பதை எடுத்துச் சோதிப்பது என்று அறிதல் ஒரு தனிக்கலை. அக்கலை இலக்கணமும் வரலாறும் கற்றோர்க்கே வரும். தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்ற பட்டதாரிக்கு ஆசிரியத் தொழிலன்றி வேறு வழியில்லை என்று நம் மாணவர் எண்ணிக் கொண்டிருக்கும் வேளையில், சுவடிக்கூடங்களும் மருத்துவமனைப் பதிவறைகளும் நீதிமன்றங்களும் மூலபாட ஆராய்ச்சி தெரிந்த தமிழறிஞரை உள்ளபடியே வேண்டி நிற்கின்றன. அவர்களை எப்பெயரால் அழைப்பது என்பதை மட்டும் இன்னும் அறியாதிருக்கின்றன.

எங்கள் நூலகத்துப் பட்டியலுக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகின்றேன். இருநூறு பக்கங்களையும் மாணவர்கள் படத்தோடு ஒப்புநோக்கினர். இரண்டு மாதம் சென்றது. திருத்திய ஒவ்வோர் இடத்திலும் பொறியின் பாடம் ஒரு நிரலிலும், கண்ட பாடம் மறு நிரலிலும், கண்டவர் பெயர் மூன்றாம் நிரலிலும் எழுதப்பட்டன. மாந்தைக்கு இரண்டு தலைப்புகள் இட்டோம். முதற் கட்டுரை எழுதிய மாணவனே இரண்டையும் பிரித்தான். பிரிக்கும்போது சற்று வருத்தத்தோடுதான் பிரித்தான். ஆயினும் ஒரு பக்கத்திலே, பூச்சி அரித்த இடத்தில், மகரத்தின் அருகே நிற்கும் கோடு காலா ரகரமா என்பது எங்களிற் எவருக்கும் தெளிவாகவில்லை. பொறி தயங்காது மாந்தை என்றது. மாணவர்கள் அந்த நிரலை வெற்றிடமாக விட்டு, பக்கத்தின் படத்தை இணைத்து, ‘ஐயம்’ என்று எழுதித் தங்கள் பெயரை இட்டிருக்கின்றனர்.